காலிச் சுண்ணாம்பும் உமாசுதன் மாஸ்டரும்

இனம் பிரிப்பவர் என்றொரு ஜாதி உண்டு, வாசகர்களே. உலகத்தையே சின்னச்சின்ன டப்பாக்களில் அடைக்காவிட்டால் இவர்களுக்கு அரிப்பெடுக்கும். தக்காளி காயா பழமா என்று கேட்டு உங்கள் சோற்றை ஆறவைப்பவர் இவர்தான். நானுஓயாவில் ரயிலைத் தவறவிட்டாலும், போனது கடுகதியா சாதாரணமா என்று அறியாமல் வீடு திரும்பமாட்டார்.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்த உமாசுதன் மாஸ்டர் இந்த இனத்தின் முழு வளர்ச்சி. யாழ்ப்பாணத்துக்காரர். 2004இல் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கருவாட்டு வாசம் நின்ற மறுநாள், பால்குடத்துக்கு விரதமிருந்த வீரம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதைக் கண்டார். எடுத்தது அரிப்பு.

"அம்மா, உது காலிக் கடற்கரையில பவளப்பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. பவளம் செடி மாதிரிக் கிளைவிடும், ஆனால் பிராணி. அப்ப சைவமில்லை, நீங்கள் இப்ப மச்சம் சாப்பிடுறியள்."

பக்கத்தில் நின்ற கோயில் தலைவர் செல்லசாமிக்கு முகம் வெளுத்தது. "சேர் படிச்சவரு. விரதம் முறிஞ்சிருச்சு போல, வீரம்மாக்கா. இந்த வருசம் குடம் வேணாம்."

காய்ச்சலில் கிடந்த மகள் எழுந்ததற்கு நேர்ந்த குடம் அது. வீரம்மா விடுவாளா?

"பிராணின்னு யாரு சேர் சொன்னா?"

கேட்கலாமா? மாஸ்டர் மலர்ந்துபோனார். முதலில் அதைச் செடி என்றார்கள், காற்றுப்பட்டால் கல்லாகிற செடி. பிறகு செடியும் விலங்கும் கலந்தது என்று நடுவில் ஒரு டப்பா செய்தார்கள். கிட்டப்போய்ப் பார்த்தபோது பூவென்று நினைத்ததெல்லாம் சாப்பிடுகிற வாய் என்று தெரிந்து, விலங்குப் பக்கம் தள்ளினார்கள்.

"பாவம், எங்களப் போலத்தான்," என்றாள் வீரம்மா. "இந்தியாவா இலங்கையான்னு அம்பது வருசம் நடுவுல வச்சிருந்து, மிச்சமிருந்தவங்களுக்குப் போன வருசந்தானே பிரஜாவுரிமை குடுத்தாங்க. அது சரி சேர், போன கிழமை கோயில் சுவத்துக்கு அடிச்சது எந்த ஊர்ச் சுண்ணாம்பு?"

அந்த இரண்டு தகரச் சுண்ணாம்பும் மாஸ்டரின் உபயம். அசல் காலி. ஏணியில் ஏறி அடித்ததும் அவரேதான்.

"அப்ப ஆத்தாவும் மச்சத்துக்குள்ளதான் குந்தியிருக்கா. அவள எந்த லயத்துக்குக் கூட்டிட்டுப் போறது, தலைவரே?"

செல்லசாமி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்து, மாட்டினார்.

"சுட்டாப் பிறகு அது கல்லுத்தான். கல்லில சைவமும் இல்லை, மச்சமும் இல்லை."

வீரம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். திருவிழாவன்று ஊர்வலத்தில் அவள் குடம்தான் முதலில் போனது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மாஸ்டர் யாழ்ப்பாணம் என்றதும் "அதானே பார்த்தேன்" என்றும், வீரம்மா என்ன ஜாதி ஆட்களாக இருக்கும் என்றும் உங்களுக்குள் ஒரு டப்பா திறந்ததே, அந்தச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.