பிள்ளைக்காம்பராவுக்கு வந்த ஸ்பானிஷ்

தனுஷன் கால்சட்டையை நனைத்துக்கொண்டு காம்பரா நடுவில் நின்றான். நாலு வயதுப் பிள்ளை. "டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்று தமிழில் சொல்ல அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தமிழ் பேசக்கூடாது என்று அன்று காலையில்தான் சுலக்ஷனா டீச்சர் சட்டம் போட்டிருந்தாள். ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று தனுஷனுக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. பாவம், பிள்ளை எவ்வளவு நேரம்தான் யோசிக்கும்?

ஹட்டனுக்கு மேலே, ஒரு தோட்டத்துக் கீழ் டிவிஷன் பிள்ளைக்காம்பராவில் ஸ்பானிஷுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சுலக்ஷனாவும் அதையேதான் கேட்டாள். கேட்க வேண்டிய ஆளிடம் மட்டும் கேட்கவில்லை.

அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகள் பதினாலும் இவள் பொறுப்பு. பிள்ளைகளைக்கூடச் சமாளித்துவிடுவாள். கூரையைத்தான் சமாளிக்க முடியவில்லை. மழை வந்தால் ஐந்து வாளி வைக்க வேண்டும். ஆறாவது ஒழுக்குக்கு அவளுடைய சாப்பாட்டுக் கோப்பை. தொட்டிலை இழுத்து, பாயைச் சுருட்டி, பிள்ளைகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓட்டி, மூன்று வருஷமாக இதே பிழைப்பு. அந்த நேரத்தில்தான் கணக்கப்பிள்ளை பழனியாண்டி ஒரு பென் டிரைவோடு வந்தார்.

"மூணு கெழமையில ஸ்பெயின்ல இருந்து ஆளுங்க வாராங்களாம் டீச்சர். இதை டிவியில போட்டுப் பாத்துட்டு, இதே மாதிரி புள்ளைங்கள தயார் பண்ணச் சொன்னாரு தொர. அவங்களுக்குப் புடிச்சா உங்க காம்பராவுக்குப் புதுக் கூர. புடிக்கலன்னா மேல் டிவிஷனுக்கு."

கூரை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுலக்ஷனாவுக்கு வேறு எதுவும் விழவில்லை. டிவியில் போட்டுப் பார்த்தாள். சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா, பேர் தியா பிலாராம், தண்ணீர்க் குவளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "அகுவா! அகுவா!" என்று குதித்துக் குதித்துப் பாடினாள். சுற்றி அந்த நாட்டுப் பிள்ளைகள்.

"ஏங்க, இந்தப் பாட்டையா நம்ம புள்ளைங்க படிக்கணும்?"

"ஸ்பெயின் ஆளு வந்தா ஸ்பெயின் பாஷதானே?"

"எதுக்கும் தொரகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

"தொரகிட்டயா? திருப்பியா?" பழனியாண்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் டீச்சர். ஒரு நாள் கேட்டதில்ல."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தோட்டத்து வழக்கமே அதுதான். தோட்டத்தை நடத்துகிற தொரை ஒன்று சொன்னால் "சரிங்க தொர" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அவர் என்ன சொன்னார் என்று நாலு பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அப்படித்தான் இங்கேயும் முடிவானது.

முதல் ஐந்து நாளும் பிள்ளைகள் பாட்டுக்கு ஆடின. வாயைத் திறக்கவில்லை. வீடியோ ஆரம்பத்தில் தியா பிலார் உதட்டில் விரல் வைத்து ஏதோ சொல்வாள். கீழே ஆங்கிலத்தில் ஓடும். அகராதியை வைத்துப் படித்தாள் சுலக்ஷனா: 'என் முன்னால் வேறு மொழியே வேண்டாம்.' அட, ரகசியம் இதுதானா! உடனே சட்டம். தமிழ் பேசினால் டிவி நிற்கும். அதன் பலனைத்தான் தனுஷனின் கால்சட்டையில் பார்த்தோம்.

சரி, போனில் தேடி "பிபி" என்ற வார்த்தையைக் கண்டுபிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துப்போய், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதினாலு பேரும் வரிசையாகப் "பிபி" என்று நின்றார்கள். வந்ததோ இல்லையோ, சொல்வதில் ஒரு சந்தோஷம். ஆனாலும் வாய் திறந்துவிட்டதே! அகுவா வந்தது, பாலுக்கு லெச்சே வந்தது, ஒன்றிலிருந்து பத்து வரை வந்தது. சுலக்ஷனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மனசுக்குள் தகரம் அடித்து, மழைத்தண்ணி ஓடப் பீலி வைத்து, கூரைக்குச் சாயமும் பூசிவிட்டாள்.

அடுத்த கிழமை, தனுஷனின் அம்மா பூரணி கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"டீச்சர், என் புள்ளைக்கு என்னா செஞ்சீங்க? 'அகுவா, அகுவா'ன்னு அழுவுது. என் மாமியா பயந்து போயி பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போயிருச்சு. அவரு வேப்பிலைய ஆட்டி, 'யாருடா நீ? எங்கயிருந்து வந்த?'ன்னு மெரட்டியிருக்காரு. இவன் கையாட்டி 'ஓலா'ன்னு சொல்லியிருக்கான்!"

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? இது கடல் கடந்து வந்தது, தன்னால எறக்க முடியாதுன்னு சொல்லிட்டாரு."

சுலக்ஷனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அம்மாமாருக்கு விளங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, வேலை முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும்போது அவர்களுக்கும் தினம் பத்து வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மலையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஸ்பானிஷில் கூப்பிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது பழனியாண்டி "பதினேழு" என்றால், நாலு பேர் வேறு எதையோ சொல்லிக் கெக்கலித்தார்கள்.

பழனியாண்டி மூச்சு வாங்க ஓடி வந்தார். "டீச்சர், என்னைய என்னமோ கெட்ட வார்த்தையில திட்டுறாளுங்க. நான் தொரகிட்ட சொல்லத்தான் போறேன்!"

"ஐயோ, அது எண்ணிக்கைங்க! நீங்களும் ரெண்டு வார்த்த படிச்சுக்கங்க. வாறவங்க முன்னால உங்களுக்கும் மரியாதையா இருக்கும்."

மரியாதை என்றதும் ஆள் குளிர்ந்துவிட்டார். "புவேனோஸ் தியாஸ், செஞோர்" என்ற காலை வணக்கத்தை இரண்டு நாள் மனப்பாடம் செய்து, மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை ஆட்களுக்கும் முன்னால் தொரையிடமே எடுத்துவிட்டார்.

தொரை அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பழனியாண்டி, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?"

பழனியாண்டிக்குத் திருப்பிப் பேசிப் பழக்கமில்லையே. "சரிங்க தொர" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்று முழுக்க ஒருவரும் அவர் பக்கத்தில் சாராய வாடை வருகிறதா என்று மூச்சை இழுக்காமல் போகவில்லை.

விருந்தாளிகள் வருகிற நாளும் வந்தது. கூடவே மழையும் வந்தது. ஐந்து வாளியும் கோப்பையும் டொக் டொக் என்று தாளம் போட, வெளுத்த சட்டையோடு பிள்ளைகள் வரிசையில் நிற்க, சுலக்ஷனா முருகனைக் கும்பிட்டபடி வாசலைப் பார்த்தாள். முதலில் தொரை. அடுத்து முக்காலியும் கேமராவுமாக ஒரு தாடிக்காரர். மொழிபெயர்க்க ஹட்டன் டவுனிலிருந்து நிப்ராஸ். சிவனொளிபாத மலைக்கு ஸ்பெயின்காரர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய்ப் பாஷை பழகிய பையன். கடைசியாகக் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தது, அடி ஆத்தே, டிவியில் இருந்த அதே சிவப்புக் கண்ணாடி!

"தியா பிலார்!" என்று பதினாலு பிள்ளைகளும் பாய்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டன. யாரும் சொல்லாமலே அகுவாப் பாட்டு. அது முடியுமுன்னே எண்ணிக்கைப் பாட்டு. அந்தம்மா வாயில் கை வைத்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். சுலக்ஷனா அண்ணாந்து கூரையைப் பார்த்து, 'போய்ட்டு வா மகராசி' என்று மனசுக்குள் விடை கொடுத்தாள்.

அப்புறம் தியா பிலார் நிப்ராஸின் காதில் ஏதோ சொன்னாள். நிப்ராஸ் தலையைச் சொறிந்தான்.

"அக்கா... பாட்டு ரொம்ப நல்லாயிருந்துச்சாம். இப்ப தமிழ்ப் பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு கேக்குறாங்க."

"என்ன தமிழ்ப் பாட்டு?"

"அவங்க வந்ததே தமிழ்ல படம் எடுக்கத்தானே? அங்க உள்ள சின்னப் பிள்ளைங்களுக்குத் தமிழ் படிச்சுக் குடுக்கப் போறாங்களாம். நம்ம பிள்ளைங்க தமிழ்ல பாடுறத, பேசுறத எடுக்கணுமாம். அந்த பென் டிரைவ் சும்மா மாதிரிக்கு அனுப்பினதாம்."

தொரை பழனியாண்டியைப் பார்த்தார். பழனியாண்டி வெளியே தேயிலையைப் பார்த்தார்.

"டீச்சர், தமிழ்ல ஏதாவது பேச வைங்க," என்றார் தொரை. "இல்லாட்டி மேல் டிவிஷனுக்குப் போகணும். கூரையும் அங்கதான்."

சுலக்ஷனா ஓடிப்போய்ப் பிள்ளைகள் முன்னால் மண்டி போட்டாள். "கண்ணுங்களா, தமிழ்ல பேசுங்கடா!"

பதினாலு பேரும் உதட்டில் விரல் வைத்தார்கள். தியா பிலார் முன்னாலேயே தமிழா? டீச்சருக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

"தனுஷன், ராசா, இது என்னா? தண்ணி! சொல்லு, தண்ணி!"

"அகுவா!"

"நிலக்ஷி, நீ நல்ல புள்ளதானே? இது மூக்கு. மூக்குடி!"

"நாரிஸ்!"

"இது கை! கை!"

"மானோ!"

"மேல பாருங்க, மழ! ஒழுவுது பாருங்க, மழ!"

"யூவியா!"

சுலக்ஷனா அலமாரியைத் திறந்து கையில் அகப்பட்ட பேக்கரி ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இது? இது என்னா?"

"பான்!" என்றான் தனுஷன்.

"சொல்லிட்டான்! தமிழ்ல பாண்னு சொல்லிட்டான்!"

"ஸ்பானிஷ்லயும் அது பான்தான் அக்கா," என்றான் நிப்ராஸ்.

வாசலில் யாரோ காலிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு சப்பாத்தை எடுத்து ஆட்டினாள். "சப்பாத்தோ!" என்று கத்தினார்கள் பிள்ளைகள். சுலக்ஷனா ஆசையோடு நிப்ராஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அதுவும் அவங்கட பாஷதான் அக்கா."

அவ்வளவுதான். நனைந்த தரையில் சப்பாத்தும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று கிழமைத் தொண்டைத் தண்ணி, பூசாரியிடம் போன மானம், பழனியாண்டிக்குக் கிடைத்த கெட்ட பேர், எல்லாம் போகட்டும். பக்கத்துத் தொட்டிலில் கைப்பிள்ளை நெற்றியில் ஒரு சொட்டு விழுந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. "என் புள்ளைங்க தலையில ஒரு நல்ல தகரம் கெடக்க விடாம நானே கெடுத்துட்டேனே!" என்று விம்மி விம்மி அழுதாள். நிலக்ஷி வந்து பாவாடை நுனியால் அவள் கண்ணைத் துடைத்து, "நோ யோரெஸ்" என்று ஆறுதல் சொன்னாள்.

தியா பிலாரும் தாடிக்காரரும் தலையோடு தலை வைத்துக் கிசுகிசுவென்று பேசினார்கள். பிறகு தியா பிலார் நிப்ராஸைத் தட்டி, சுலக்ஷனாவைக் காட்டி, மூச்சு விடாமல் என்னவோ சொன்னாள்.

நிப்ராஸ் பக்கத்தில் வந்து குனிந்தான். "அழாதீங்க அக்கா, கூர உங்களுக்குத்தான். நீங்க ஒவ்வொண்ணாக் காட்டித் தமிழ்ல சொல்ல, பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் ஸ்பானிஷ்ல அர்த்தம் சொல்ல, இத விட நல்ல தமிழ்ப் பாடம் எங்க தேடினாலும் கெடைக்காதுன்னு அந்தாளு கேமராவ இன்னும் நிப்பாட்டவேயில்ல."