இரண்டு வரி ஜன்னலில் கமலம்

கம்பளை,
செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி மருமகன் திலக்ஷனுக்கு, மாமா சண்முகநாதன் ஆசிகளுடன் எழுதுவது. கொழும்பில் நீயும் உன் அம்மாவான என் தங்கையும் சுகமாக இருக்கக் கதிர்காமத்தான் துணை. நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம், வழக்கத்துக்காக எழுதிவிட்டேன்.

கையால் எழுதுவதைப் பார்த்துக் கோபிக்காதே. கம்ப்யூட்டரில் எழுத நீ போட்டுத் தந்த எடிட்டரில் எனக்கு இடமில்லை. உன் அத்தை கமலத்தின் முதல் திவசத்துக்கு நினைவு மலர் போட வேண்டும், மேல் ஜன்னலில் உறவுக்காரர் அனுப்பிய இரங்கல் கவிதைகள், கீழ் ஜன்னலில் என் நினைவுரை என்று திரையைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாய், நல்ல காரியம்தான், ஆனால் மறுநாள் எழுத உட்கார்ந்தபோது புதிதாக ஒரு ஜன்னல் திறந்தேன், பழையதை மூடவில்லை, முப்பத்திரண்டு வருஷம் நகரசபையில் ஆவண அறையில் இருந்தவன் நான், மேலதிகாரி கையெழுத்து இல்லாமல் ஒரு கோப்பையும் மூடியதில்லை, அதற்கு மறுநாள் இன்னொன்று, இப்படியே பதினான்கு ஜன்னலாகி, என் பங்கு குறுகிக் குறுகி இன்றைக்கு இரண்டே வரி மிஞ்சியிருக்கிறது. உன் சித்தப்பாவின் நாற்பது வரிக் கவிதையில் "ஐயகோ" மட்டும்தான் தெரிகிறது. நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒன்று பெரிதாகிறது, பக்கத்தில் இருப்பது நசுங்குகிறது. நம் குடும்பத்துப் பாகப்பிரிவினைகூட இவ்வளவு மோசமில்லை.

வெள்ளிக்கிழமை கண்டி அச்சகத்தில் கொடுக்காவிட்டால் மலரில் புருஷன் பக்கம் வெறுமையாகப் போகும். நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பற்றி இந்தச் சந்துக்குள் என்னத்தை எழுதுவது? அவள் இருந்திருந்தால், "தைலப் போத்தலக்கூட மூடத் தெரியாத மனுசன்" என்றிருப்பாள். உடனே புறப்பட்டு வந்து ஜன்னலைப் பெரிதாக்கித் தா.

தங்கைக்கு என் அன்பைச் சொல். உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
இடமில்லாத மாமா.

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் பக்கத்து வீட்டு அஸீமா டீச்சர் வந்தார். "என்ன ஐயா, தொறந்த ஒண்ணயும் மூடவே இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் மூடி, என்னுடையதைத் திரை முழுக்க விரித்துத் தந்தார். பார்த்தால், பதினான்கு நாளாக நான் எழுதியதே இரண்டு வரிதான். அவள் பிறந்த திகதி, போன திகதி. மீதியெல்லாம் வெள்ளை. ஜன்னலைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு இடத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறதடா. மறுபடி சின்னதாக்குவது எப்படி என்று மட்டும் எழுதி அனுப்பு.