பக்கத்து அறைப் பாடகர்

"குரல் மொட்டையா இருக்குங்க சார்" என்றார் வைரவநாதன்.

சுபாஸ் கணினியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். "மொட்டையெண்டா?"

"சாமி பாட்டு மாதிரி இல்லீங்க. லயத்துக் காம்பராவுல, அந்தக் குச்சு ரூம்புக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. கோயிலுக்குள்ள பாடுனா எப்புடி இருக்கும்? கணீர்னு, சுத்திச் சுத்தி வரணும்ல?"

வைரவநாதன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். திருவிழாவுக்கு ஒரு பாட்டுச் சீடி வெளியிட்டே தீருவது என்று கிளம்பியிருந்தார். பாடியவள் பரிமளம்; தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவள் குரலில் குறையில்லை. குறையெல்லாம் ஒலிப்பதிவு நடந்த இடத்தில்தான். அது சுபாஸின் வாடகை அறை.

சுபாஸ் பதுளைக் கச்சேரியில் வேலை செய்தான். பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கக் கச்சேரி. கோப்புகளுக்கு இலக்கம் போடும் எழுதுவினைஞர். உடுப்பிட்டியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. வேலை முடிந்ததும் கூட வேலை செய்பவர்கள் பசறை பஸ்ஸுக்கும் பண்டாரவளை பஸ்ஸுக்கும் ஓடிவிடுவார்கள். அவன் கடையில் இடியப்பம் தின்றுவிட்டு, வீட்டுக்காரர் ஜாபிர் நானாவின் கருவாட்டுக் கடைக்கு மேலே இருந்த தன் அறைக்கு ஏறுவான். வெள்ளிக்கிழமை மாலை வாயை மூடினால் திங்கட்கிழமை காலை அலுவலகக் காவலாளிக்கு வணக்கம் சொல்லத்தான் திறப்பான். அந்தத் தனிமைக்கு மருந்தாகத்தான் கணினி வாங்கினான். ஒரு மைக்கும் ஹெட்ஃபோனும் வாங்கினான். அதை யாரோ 'ஸ்டூடியோ' என்று சொல்ல, வைரவநாதன் நம்பி வந்துவிட்டார்.

"ரிவெர்ப் போட்டால் சரிவரும்" என்றான் சுபாஸ்.

"போடுங்க, போடுங்க. தாராளமா போடுங்க."

ரிவெர்ப் என்பது குரலைச் சுற்றி ஓர் இடத்தை உண்டாக்கித் தரும் குட்டி மென்பொருள். இல்லாத மண்டபத்தின் எதிரொலியை அது கொண்டுவந்து சேர்க்கும். பண்டாரவளைக் கணினிக் கடையில் ஒரு சீடி நிறைய அவற்றை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். எது நல்லது என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லதுதான்" என்றார் கடைக்காரர்.

வைரவநாதன் போனபிறகு சுபாஸ் முதலாவதைப் போட்டான். பெரிய மண்டபம். பரிமளத்தின் குரல் எழும்பி விரிந்தது. அவனுக்கே புல்லரித்தது. பல்லவி முடிந்து அவள் மூச்சு வாங்கிய இடத்தில் யாரோ, "ம்ம்ம்…" என்றார்கள்.

சுபாஸ் நிமிர்ந்தான். மீண்டும் போட்டுக் கேட்டான். சந்தேகமில்லை. அடித்தொண்டையில் ஒரு ஆண் குரல். முன்பு காதில் படாமல் அடியில் கிடந்தது, ரிவெர்ப் பட்டதும் தலை தூக்கிவிட்டது.

பக்கத்து அறை!

அவன் அறைக்கு அடுத்தாற்போல் இன்னோர் அறை இருந்தது. வாசல் மறுபக்கம், பின்முற்றத்துப் படியால் ஏறவேண்டும். அங்கே அவ்வப்போது நடமாட்டம் கேட்கும். யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தான். போய்ப் பேசியதில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

அந்த மண்டபத்தை நீக்கிவிட்டு 'பிளேட்' என்பதைப் போட்டான். பரிமளம் மினுங்கினாள். முனகலும் மினுங்கியது. 'சேர்ச்' என்பதைப் போட்டான். பரிமளம் தேவாலயத்தின் வாசலுக்குப் போய்விட்டாள். முனகல் பீடத்தருகே வந்து நின்றுகொண்டது. குகை, சுரங்கம், நீச்சல் தடாகம் என்று அந்தச் சீடியில் இருந்த எல்லா இடங்களுக்கும் பாட்டைக் கூட்டிக்கொண்டு போனான். போன இடமெல்லாம் அந்த மனிதரும் கூடவே வந்தார்.

மறு ஞாயிறு பரிமளத்தைத் திரும்ப வரச்சொன்னான். இந்த முறை சுவர் முழுவதும் கம்பளியும் போர்வையும் தொங்கவிட்டான்.

"என்னங்க சார், குளுருதா?" என்றாள் பரிமளம்.

"இல்லை தங்கச்சி. பக்கத்து அறையில ஒருத்தர் கூடப் பாடுறார். அது பதிவாகுது."

பரிமளம் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "சார், அது வந்து…"

"ஏய், சார் வேலையில நீ குறுக்க பேசாத" என்றார் கூட வந்திருந்த வைரவநாதன். "பாட்ட பாடு." சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கக் கீழே போனார்.

சுபாஸ் சுவரில் காதை வைத்துக் கேட்டான். மறுபுறம் நிசப்தம். நல்ல நேரம். ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் கணினி முன் அமர்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக் கையைக் காட்டினான். அவள் அன்று முன்னிலும் அழகாகப் பாடினாள். கண்ணை மூடிக் கேட்டான்.

அவர்கள் போனதும் ஓடவிட்டுப் பார்த்தான். முனகல் முன்னிலும் தெளிவாக இருந்தது. போர்வைகள் அறையின் மற்றச் சத்தங்களையெல்லாம் விழுங்கிவிட்டு அதை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தன. சரணத்தில் ஒரு சங்கதிகூடப் போட்டிருந்தார் மனுஷன்.

சுபாஸுக்குக் கோபம் வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தட்டினான். பதில் இல்லை. அவன் காதுகொடுத்தால் அவர் பாடுவதில்லை. எவ்வளவு கூச்சம்!

அந்தக் கூச்சம்தான் அவனைக் கொஞ்சம் இளக்கியது. தன்னைப் போலவே ஒருவர். வீட்டைவிட்டு வந்தவராக இருக்கும். யாரோ பாடுவது கேட்டால் சுவரோரம் வந்து நின்று மெல்லச் சேர்ந்துகொள்கிறார். அதைப் போய்த் தட்டி அடக்குவதா?

அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தட்டை வடை தகரத்தில் இருந்தது. அலுமினியத் தட்டில் கொஞ்சம் எடுத்துவைத்துக் கடதாசியால் மூடிக்கொண்டு பின்முற்றத்துப் படியேறினான். கதவு மூடியிருந்தது. கருவாட்டு வாசம் வீசியது. தனிக்கட்டையின் சமையல், வேறென்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தட்டுவதற்குக் கையை உயர்த்தினான், தைரியம் வரவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அந்தத் தட்டு கழுவித் துடைத்து அவனுடைய வாசற்படியில் இருந்தது. அதில் ஒரு துண்டு வட்டிலப்பம், முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் இனிப்பு.

சுபாஸ் படியிலேயே உட்கார்ந்து அதைத் தின்றான். முஸ்லிம் மனிதர்போல என்று எண்ணிக்கொண்டான். நல்ல மனிதர்.

பிறகு அது வழக்கமாயிற்று. மாம்பழம் போனால் சமோசா வந்தது. பயற்றம் பணியாரம் போனால் ஒரு குவளை நோன்புக் கஞ்சி வந்தது. ஒரு வார்த்தை பேசாமலே இருவரும் பழகிவிட்டதாக அவன் நினைத்தான். வேலை முடிந்ததும் இப்போது இடியப்பக் கடையில் பத்திரிகை படித்துக்கொண்டு நிற்பதில்லை. நேரே வந்து பாட்டைப் போடுவான். ரிவெர்ப்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது இப்போது முனகலை மறைக்க இல்லை. அவருக்கு எந்த இடம் பொருந்தும் என்று தேடினான். கடைசியில் ஒரு சிறிய கல் அறை அகப்பட்டது. அதில் பரிமளம் முன்னால் நின்றாள். அவர் பின்னால், சுவரோரம், அடக்கமாக நின்றார். பாட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஆனால் கமிட்டிக்கு இதைக் கொடுக்க முடியுமா? முனகலை வெட்டி வெட்டி எடுத்து இன்னொன்று செய்தான். அதில் பரிமளத்தின் குரலும் இடையிடையே விக்கியது. அதைத்தான் வைரவநாதனுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று முடிவுசெய்திருந்தான். பதற்றத்தில் மற்றதைப் போட்டுவிட்டான்.

வைரவநாதன் அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்தார்.

"யாருங்க சார் அது, பின்னால?"

"அது… மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பக்கத்து அறைக்காரர். வெட்டினதும் இருக்கு, போடுறன்—"

"வெட்டுறதா! என்னங்க பேசுறீங்க? அந்த மனுசன் உருகுறாருங்க. தொணைக்கு ஆளில்லாத ஒருத்தன் சாமிகிட்ட நிக்கிற மாதிரியே இருக்கு. அவரு பேரு என்னங்க?"

"தெரியாது."

"பேரு தெரியாதா? இத்தன நாளா பக்கத்துல இருக்கீங்க!"

சுபாஸ் தலை குனிந்தான்.

"பரவால்ல. அடுத்த ஞாயித்துக்கெழம நாங்க வாறோம். அவருக்குப் பொன்னாட போத்தி, திருவிழாவுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும். இது கமிட்டி மரியாத."

சுபாஸ் தடுத்துப் பார்த்தான். அவர் கூச்சக்காரர் என்றான். வேற்று மதத்தவர் போலிருக்கிறது என்றான். "பாட்டுக்கு ஏதுங்க மதம்?" என்று வைரவநாதன் அதையும் மரியாதையில் சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் சுபாஸ் வாய்க்குள் ஒத்திகை பார்த்தான். 'நான் சுபாஸ். பக்கத்து அறை.' போதாது. 'நீங்கள் பாடுறதை நான் நெடுகக் கேக்கிறனான்.' இது கொஞ்சம் பரவாயில்லை. சவர அலகு புதிதாக வாங்கினான். அறையில் இன்னொரு கதிரை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதையும் வாங்கிப் போட்டான். அவர் வந்தால் உட்கார வேண்டுமே.

ஞாயிறு பத்து மணிக்கு வைரவநாதன் பொன்னாடையோடு வந்துவிட்டார். பரிமளம் தாம்பாளம் ஏந்தி வந்தாள். மூவரும் பின்முற்றத்துப் படியேறினார்கள். பரிமளம் மறுபடியும், "சார், ஒண்ணு சொல்லணும்…" என்றாள். "அப்புறம் சொல்லு" என்றார் வைரவநாதன்.

சுபாஸ் முதன்முறையாக அந்தக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. மீண்டும் தட்டினான். கீழே குசினியிலிருந்து ஜாபிர் நானாவின் மனைவி ஸித்தி ஸுபைதா எட்டிப் பார்த்தார். தாம்பாளத்தைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறிவந்தார்.

"என்ன தம்பி, வடை தட்டம் வைக்கவா இத்தின பேரு? வாசல்ல வச்சிட்டுப் போனா நான் எடுப்பேன்தானே. வட்டிலப்பம் நல்லா ஈந்திச்சா?"

சுபாஸின் வாயிலிருந்து ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "அக்கா… இந்த அறையில இருக்கிறவர்…"

ஸுபைதா இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை கருவாட்டு மூட்டைகள்.

வைரவநாதன் பொன்னாடையை விரித்த கையோடு நின்றார். "அப்ப பாடுறது யாரும்மா?"

ஸுபைதா சுபாஸைப் பார்த்தார். "இவருதான். காதுல அத மாட்டிக்கிட்டா தெருவுக்கே கேக்கப் பாடுவாரு. தனியா ஈக்கிற புள்ள, பாடட்டும் எண்டுதான் நாங்க ஒண்டும் செல்லல்ல."