லிஃப்ட் என்றால் என்ன?

"அப்படின்னா என்ன?" என்று கேட்டே பிழைப்பு நடத்தும் ஓர் இனம் மென்பொருள் அலுவலகங்களில் உண்டு. வகைப்பாட்டு வித்தகர்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களில் ஒருவரிடம் டீ வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். டீ என்பது திரவமா, இடைவேளையா என்று முதலில் முடிவுசெய்யச் சொல்வார்.

எங்கள் வித்தகரிடம் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று வந்து மாட்டியது. புகார்களைப் பதிய, தங்கள் தொழிலுக்கென்றே ஒரு சின்னக் கணினி மொழி வேண்டும். லிஃப்ட், கதவு, பழுது, மெக்கானிக் என்று நாலு சொல் போதும் என்றார்கள். போதுமா? வித்தகர் ஆன்டாலஜியில் இறங்கினார். அதாவது, உலகில் என்னென்ன இருக்கின்றன, எது எதன் வகை, எதற்கு எது உறவு என்று சுவர் முழுக்கக் கட்டம் கட்டி, கட்டத்துக்குக் கட்டம் அம்பு போட்டு, அம்புக்கும் ஒரு கட்டம் கட்டி, இடம் போதாமல் ஜன்னல் கண்ணாடியிலும் எழுதி, கடைசியில் "லிஃப்ட் என்பது மேலும் கீழும் நகரும் அறை" என்று கண்டுபிடித்தார். கம்பெனி முதலாளி தயங்கினார்.

"நின்னு போச்சுன்னா சார்?"

"நகரலைன்னா அது லிஃப்டே இல்லீங்க. வெறும் அறை."

மொழி அமலுக்கு வந்தது. சில நாளிலேயே, நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய மனைவியோடு வித்தகர் தன் குடியிருப்பு லிஃப்டில், இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்டார். அதைப் பராமரிப்பதும் அதே கம்பெனிதான். ஃபோன் போட்டார்.

"லிஃப்ட் நகருதா சார்?" என்றாள் மறுமுனைப் பெண்.

"நகரலம்மா."

"அப்போ கம்ப்யூட்டர் அதை அறைன்னுதான் சார் எடுத்துக்குது. அறை நகராம இருக்கறது பழுது இல்லையாம். மெக்கானிக்கை அனுப்ப விட மாட்டேங்குது."

"என்னங்க சொல்றா? இந்த வேலை எனக்குக் கிடைக்கணுங்க!" என்று பதறினாள் மனைவி.

வித்தகர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பிரமாதம்! ஒரு முரண்பாடுகூட இல்ல பாரேன்!"

அவள் ஃபோனைப் பிடுங்கினாள். "ஏம்மா, அறைன்னே வச்சுக்கோ. கதவு திறக்கல. அதுக்கு ஆள் வருமா?"

"கதவுன்னா உடனே அனுப்பறேன்க்கா!"

"இரு இரு," என்றார் வித்தகர். "அந்தக் கதவு அறையோடதா, மாடியோடதா..."

அவர் வாயை அவள் கைப்பையால் பொத்தினாள்.

சிரிக்கிறீர்களா? தேர்வுக்கு அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், கவலை வேண்டாம். ஆனால் அதைப் பற்றியா நீங்கள் கவலைப்பட்டீர்கள்? நின்ற லிஃப்ட் லிஃப்ட்தானா, இல்லையா என்று இவ்வளவு நேரமும் மனசுக்குள் வழக்காடிக்கொண்டுதானே இருந்தீர்கள்? தயவுசெய்து படியில் இறங்கி வாருங்கள். உங்களோடு லிஃப்டில் ஏற எனக்குப் பயமாக இருக்கிறது.