ஒப்பீட்டுக் கொட்டாய்

விவசாயி நஷ்டப்படுவதற்குக் காரணம் மழையும் அல்ல, விலையும் அல்ல, அவனுடைய மனசுதான் என்பது முனைவர் மாதவராஜ் அவர்களின் கண்டுபிடிப்பு. நடத்தைப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர். மழைக்கு வழி செய்ய அணை கட்ட வேண்டும், விலைக்கு வழி செய்ய வியாபாரியோடு மல்லுக்கட்ட வேண்டும். மனசைச் சரிசெய்ய செல்போனில் ஒரு செய்தி போதும். ஆகவே மேலிடம் இந்தக் கண்டுபிடிப்பை மனமுவந்து வரவேற்றது.

மொரப்பூர் பக்கம் இரண்டு கொட்டாய்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. காட்டிலேயே, அதாவது விளைநிலத்திலேயே, வீடு கட்டிக் குடியிருக்கும் சிற்றூரை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். தார் ரோட்டுக்குக் கிழக்கே பச்சியப்பன் கொட்டாய், மேற்கே சவரி கொட்டாய். இரண்டிலும் தக்காளிதான். கிழக்கே உள்ளவர்களுக்குக் காலையில் ஒரு செய்தி வரும்: 'உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். நீங்கள்?' மேற்கே ஒன்றும் வராது. அது ஒப்பீட்டுக் கிராமம். அதாவது, ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக வைத்திருப்பது.

இதைக் கேட்ட அதிகாரிகளின் பூரிப்பைச் சொல்லி மாளாது. 'மேற்படி கிராமத்துக்கு மறு உத்தரவு வரும்வரை எவ்வித நன்மையும் செய்யலாகாது' என்று அன்று சாயங்காலமே ஆணை பிறந்தது. அதுவரை ஆணை இல்லாமலே செய்துவந்த வேலைக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

செடி பூவெடுக்கிற சமயம் சவரி கொட்டாயின் டிரான்ஸ்பார்மர் புகைந்து அடங்கிப்போனது. மோட்டார் ஓடவில்லை. புஷ்பமேரிக்கு இருப்பது ஒரே துண்டுக் காடு. மகள் ஆக்சிலியாவைக் காலேஜில் சேர்க்க அந்தத் தக்காளியைத்தான் நம்பியிருந்தாள். கரண்ட் ஆபீசுக்கு ஓடினாள். அதிகாரி கோவிந்தன் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"புது டிரான்ஸ்பார்மர் ஸ்டோர்லயே இருக்குதும்மா. உங்களுக்குத்தான் குடுக்கக் கூடாது."

"ஏனுங்க சார்?"

"நீங்க ஒப்பீடு. உங்களுக்கும் கரண்ட் குடுத்துட்டா எதோட ஒப்பிடறது? படிச்சவரு கேப்பாரில்ல?"

கிழக்கே இருந்த மாதையனுக்கு மனசு கேட்கவில்லை. தன் கிணற்றிலிருந்து ஓஸ் பைப்பை இழுத்து, ரோட்டுக்கு அடியில் போகிற சிறுபாலத்தின் வழியாக அவள் காட்டுக்குத் தண்ணீர் விட்டார். வாடிய செடி நிமிர்ந்தது. அதைப் பார்த்து மாதவராஜ் தலையில் கைவைத்தார்.

"யாருங்க இதைச் செஞ்சது?"

"நான்தானுங்க," என்றார் மாதையன்.

"உங்க நடத்தை அந்தப் பக்கம் கசியுதுங்க. ஆய்வே கெட்டுப்போயிரும்."

"தண்ணிதானுங்க போவுது."

"அதைத்தான் சொல்றேன்."

புஷ்பமேரி கையெடுத்துக் கும்பிட்டாள். "செடி செத்துருமுங்க சார்."

"சாகட்டும்மா. அதையும் பதிவு பண்ணிக்குவோம். எதையும் வீணாக்க மாட்டோம்."

பைப் சுருட்டப்பட்டது. செடிகள் ஆராய்ச்சிக்கு உகந்த முறையில் காய்ந்தன. காய்ந்த செடிகளை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டாள். முனைவருக்கோ அளவீடு மிகவும் சுத்தமாக வந்திருந்தது.

கிழக்கே செய்திக்குத் தக்க பலன் கிடைத்தது. எல்லோரும் ஒன்றாகப் பாய்ச்சினார்கள், ஒன்றாகப் பறித்தார்கள், ஒன்றாகக் கம்பைநல்லூர் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். விலை ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வண்டி வாடகைக்கும் காணாது என்று ரோட்டோரம் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். மாடுகள்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன.

மாதவராஜ் கணக்குப் போட்டார். பறிக்கிற கூலி, பெட்டி, வாடகை எல்லாம் கிழக்குக்குச் செலவு. மேற்குக்கு அந்தச் செலவே கிடையாது. ஆக, எல்லோரையும்விடக் குறைவாக நஷ்டப்பட்டவள் ஒரே துண்டுக் காடு உள்ள புஷ்பமேரி. 'பயிரை உரிய காலத்தில் காயவிடுதலே சிக்கனமான வேளாண் நடத்தை' என்று அறிக்கை வெளியானது. தர்மபுரியில் விழா எடுத்து, அவளுக்கு முன்மாதிரி விவசாயி என்று பட்டம் கொடுத்து, சால்வை போர்த்தினார்கள்.

மேடையில் அவள் கோவிந்தனிடம் கேட்டது ஒன்றுதான். "ஆராய்ச்சிதான் முடிஞ்சிருச்சே. இப்பவாச்சும் டிரான்ஸ்பார்மர் மாட்டுவீங்களா சார்?"

"முன்மாதிரிய எப்படிம்மா மாத்தறது? ஊரே உங்களப் பாத்துத்தான் நடக்கணும்."

ஊர் நடந்தது. விழாப் படம் பேப்பரில் வந்த கையோடு கிழக்குக் கொட்டாய்க்காரர்கள் கூடி, தங்கள் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக்கொண்டு போகும்படி மனுக் கொடுத்தார்கள். எந்த மனுவுக்கும் அசையாத ஆபீஸ் இதற்கு மறுநாளே லாரி அனுப்பியது. மனுவில் முதல் கையெழுத்து மாதையனுடையது.

புஷ்பமேரி ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். "என்னண்ணா இது? நாங்க குடிக்கறதுக்கே உங்க கெணத்துத் தண்ணிதான?"

மாதையன் டிரான்ஸ்பார்மரை இறக்குகிறவர்களுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்தன வருசமா தண்ணி பாய்ச்சறன் புஷ்பா. ஒருத்தனாச்சும் எனக்கு ஒரு சால்வ போத்துனானா?"