ஐயரவர்களின் இடது கை

சின்ன வயதில் மாங்காய் திருடியதை ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள வேண்டியது அதைவிடக் கொஞ்சம் பெரியது. பன்னிரண்டாம் வயதில், ஒரு பண்டிகை ஆராதனையில் எங்கள் ஐயரவர்களின் இடது கையை அங்கிக்குள் சிறை வைத்துவிட்டேன். (எங்கள் பக்கத்து வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். கை உள்ளே இருக்கும்போது நான் தைக்கவில்லை. அந்த மட்டில் என்மேல் இரக்கம் காட்டலாம்.)

அப்போது சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் நான்தான் முதல். கேள்வி முடிவதற்குள் விடை சொல்லிவிடுவேன். சில சமயம் அது வேறு கேள்விக்கான விடையாக இருக்கும். பாளையங்கோட்டைக்குப் போய்ப் படித்து டீச்சராக வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. ஆனால் தையலில் தேறிய சீட்டு இல்லாத பெண்ணை அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"தையல்ல தேறினா வண்டி கட்டுதேன். தேறலைன்னா அம்மைக்கு ஒத்தாசையா வீட்டோட இரி."

தையல் வகுப்பு மத்தியானம். சொல்லிக்கொடுத்தவர் ஞானப்பூ டீச்சரம்மா. அந்த வருஷம் முழுவதும் எங்களுக்குத் தலையணை உறைதான். மூன்று பக்கம் மூடு, ஒரு பக்கம் திற. மூன்று பக்கம் மூடு, ஒரு பக்கம் திற. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாலும் என் கை தானாக உறை தைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதை நான் ஒரு வித்தை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அறுப்பு முடிந்து ஸ்தோத்திரப் பண்டிகை வரும்போது ஆறாம் வகுப்புப் பெண்கள் ஐயரவர்களுக்குப் புது வெள்ளை அங்கி தைத்துக் கொடுப்பது எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். அதுதான் எங்களுக்குப் பரீட்சையும். அளவுக்காகப் பழைய அங்கியைத் தையல் பிரித்து விரித்துப் போட்டு வெட்டினோம். வலது கை செல்லக்கனிக்கு, இடது கை எனக்கு.

செல்லக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேசுவது குறைவு, தைப்பதும் நிதானம். ஒரு தையல் போட்டு, அதைத் தடவிப் பார்த்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த தையல். ரவிக்கை ஓரத்தில் எந்நேரமும் ஒரு ஊசி குத்தியிருக்கும். அவள் தைத்த துணியில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தம். எனக்கோ அவளைப் பார்த்தால் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட குதிரைக்கு வரும் எரிச்சல் வரும்.

"நீ முழங்கைக்கு வருததுக்குள்ள நான் மணிக்கட்டுக்கே போயிருவேன், பாத்துக்கோ" என்றேன்.

"போ. எங்கன போறோம்னு தெரிஞ்சு போனா சரிதான்" என்றாள் செல்லக்கனி, தலையைத் தூக்காமல்.

தெரியாமல்தான் போனேன். கையின் பக்கவாட்டைத் தைத்து மணிக்கட்டுக்கு வந்ததும், என் விரல்கள் தலையணையை நினைத்துக்கொண்டன. கை வாயின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாக மடித்து அடிக்க வேண்டியதை, ஒன்றாகச் சேர்த்து மடித்து, இரட்டை நூல் போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி அடித்து மூடிவிட்டேன். டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை மட்டும் பார்த்தார். "எறும்பு வரிசை கணக்கா இருக்குட்டி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். அன்று ராத்திரி மனசுக்குள் பாளையங்கோட்டைக்குப் பெட்டியே கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகும் மூடின கையை ஒருத்தரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் கஞ்சி. அங்கியை முழுசாகத் தைத்ததும் கெட்டியாகக் கஞ்சி போட்டு, பெட்டி போட்டுத் தேய்த்தார்கள். கஞ்சி போட்ட துணியில் எல்லாக் கையுமே அப்பளம் மாதிரி ஒட்டித்தான் கிடக்கும்.

பண்டிகையன்று கோயில் கொள்ளாத கூட்டம். வாழைக்குலையும் பூசணியும் கால் கட்டின சேவலும் பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடந்தன. அன்றைக்குத்தான் என் தம்பிக்கு ஞானஸ்நானமும். பாட்டுக்காரப் பெண்களான நாங்கள் ஐயரவர்கள் உடுப்பு மாற்றும் அறையின் வாசலை ஒட்டி நின்றோம். உள்ளே ஐயரவர்களும் மணியடிக்கிற கோயில்குட்டியாரும் பேசுவது கேட்டது.

"இந்தக் கை வழி விடமாட்டேங்குதேவே."

"கஞ்சிதான் ஐயா. ஓங்கி ஒரு குத்து விடுங்க."

குத்துகிற சத்தம் நாலு தடவை கேட்டது. அதற்குள் மணி அடித்துப் பாட்டும் ஆரம்பித்துவிட்டது. பழைய அங்கி துண்டு துண்டாகப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் இருந்தது. ஐயரவர்கள் அப்படியே வெளியே வந்தார். வலது கையில் வேதப்புத்தகம். இடது பக்கம் யானைத் தும்பிக்கை.

"ஐயருக்குக் கை சுளுக்கா?" என்று பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் குசுகுசுத்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற செல்லக்கனி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஓரத்த எப்பிடி மடிச்ச?"

"ரெண்டையும் சேத்து."

"தலையணைக்கா தச்ச?"

என் வயிற்றில் யாரோ பனிக்கட்டியை வைத்த மாதிரி இருந்தது என்று எழுதினால் பொய். பனிக்கட்டியை நான் பார்த்ததே இல்லை. தாமிரபரணியில் மார்கழி மாதம் விடியற்காலையில் முங்கினது மாதிரி இருந்தது. பாளையங்கோட்டை போய்விட்டது. அதுமட்டுமா? அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பீடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தாள். ஐயரவர்கள் பிள்ளையை இடது கையில்தான் ஏந்துவார். பிடிக்க விரல் இல்லாத, வழுவழுவென்று கஞ்சி போட்ட கையில் என் தம்பி.

நான் மரமாக நின்றேன். செல்லக்கனி நின்றுகொண்டிருக்கவில்லை. பிள்ளைக்குத் தலை துவட்டும் துண்டை எடுத்துக்கொண்டு, ஏதோ டீச்சரம்மாதான் அனுப்பினது போல நேரே போய் ஐயரவர்களின் இடது பக்கம் முழங்கால் போட்டாள். ரவிக்கை ஓரத்திலிருந்து ஊசியை உருவிக் காட்டினாள். ஐயரவர்கள் புரிந்துகொண்டார். சபையைப் பார்த்து, "ஜெபம் செய்வோம்" என்றார்.

ஜெபம் என்றதும் எங்கள் சபையில் ஒரு கண்கூடத் திறந்திருக்காது. (என்னுடையது திறந்திருந்தது. பாவத்தோடு பாவம்.) ஐயரவர்கள் பெற்றோருக்காக ஜெபித்தார். பிள்ளைக்காக ஜெபித்தார். செல்லக்கனி ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்காகவும், வாய்க்காலுக்காகவும், கடைமடை வயல்காரர்களுக்காகவும் ஜெபித்தார். குரல் திடீரென்று தணிந்தது.

"இன்னும் எவ்வளவு இருக்கு, மகளே?"

"பாதி ஐயா. ரெட்ட நூலு."

"மேலும் ஆண்டவரே," என்று குரல் எழும்பிற்று. பத்தமடையில் பாய் முடைகிறவர்கள், உவரியில் கட்டுமரம் ஏறுகிறவர்கள், அவர்கள் பிடிக்கிற மீன், அதைத் தலையில் சுமந்து வந்து விற்கிறவர்கள், எல்லாருக்காகவும் ஜெபித்தார். முழங்கால் வலியில் பெரியவர்கள் முனகினார்கள். சேவல் இரண்டு தரம் கூவிற்று. அவளோ அவசரப்படவே இல்லை. ஒரு தையல், ஒரு தடவல், ஒரு மூச்சு. வெடுக்கென்று இழுத்தால் துணி கிழிந்திருக்கும். அத்தனை நாள் என்னை எரிச்சல்படுத்தின அந்த நிதானத்தை அன்றைக்கு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஐந்து விரல்கள் வெளியே வந்தன. "ஆமென்" என்றார் ஐயரவர்கள். சபையார் அவ்வளவு மனப்பூர்வமாக ஆமென் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தம்பி இரண்டு கைக்குள் பத்திரமாக அழுதான்.

ஆராதனை முடிந்ததும் டீச்சரம்மா பீடத்தடியில் கிடந்த நூலைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "யாரு தையல் இது?"

செல்லக்கனி ஊசியைத் திரும்ப ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்த்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

"என் தையல்தான், டீச்சரம்மா. சீட்டு வேண்டாம்" என்று அழுதுவிட்டேன்.

ஐயரவர்கள் அங்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நாலு குத்து விட்டேன், ஒரு தையல் விடலை. உறுதிக்கு மார்க்குப் போடுங்க அம்மா. தைக்க வேண்டிய இடத்த மட்டும் யாராவது காட்டிக் குடுங்க."

டீச்சரம்மா தீர்ப்புச் சொன்னார். மூன்று மத்தியானம் நான் செல்லக்கனி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கை வாயைத் திரும்பத் தைக்க வேண்டும். அவள் ஒரு தையல் போட்டால் நான் ஒன்று, அதற்கு மேல் கூடாது. பிறந்ததிலிருந்து நான் பட்ட தண்டனைகளில் அதுதான் கடுமை. தேறினேன். சீட்டில் செல்லக்கனி பெயர் முதலில், என் பெயர் கடைசியில். அப்பா சொன்னபடி வண்டி கட்டினார். வண்டியில் நானும் செல்லக்கனியும் போனோம்.

இப்போது நான் கணக்கு டீச்சர். என் ரவிக்கை எல்லாம் செல்லக்கனி தைத்தது. நான் கேட்டு மூன்று மாதம் கழித்துத்தான் வரும், காத்திருக்கிறேன். தம்பி பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் ராத்திரி ஜெபத்தை அப்பா கொஞ்சம் நீட்டினால் போதும், கண்ணை மூடியபடியே அம்மாவின் குரல் வரும்:

"யாருக்குக் கை மாட்டியிருக்கு?"