பதிவேட்டில் ஏறிய வலது கை

கண்டி நகரின் அரச காரியாலயம் ஒன்றில் முயலொன்று கடமையேற்றது. கொழும்பு விருந்தகமொன்றில் மூன்று நாட் பயிற்சி பெற்றுத் திரும்பிய பணிப்பாளர் பொன்னையா, வளர்ப்புப் பிராணி உள்ள அலுவலகத்தில் உத்தியோகத்தரின் மனவழுத்தம் குறையும் என்னும் புதிய ஞானத்தோடு வந்திருந்தார். முயலுக்கு ‘அமைதி’ எனப் பெயரிடப்பட்டது. பொருட்பதிவேட்டில் இலக்கம் வழங்கப்பட்டது. பராமரிப்பு, முகாமைத்துவ உதவியாளர் பிரேமிளாவின் தலையில் விழுந்தது.

ஆறாம் மாதம் அமைதி உரோமம் உதிர்க்கத் தொடங்கியது. கோப்புகளில் உரோமம், தேநீரில் உரோமம். எஞ்சியதை முயலே நக்கி விழுங்கியது. செவ்வாயன்று கீரையைத் தொடவில்லை.

மிருக வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “உள்ளுக்கு முடி சேருது மிஸ். முயலுக்கு வாந்தி வராது. வெள்ளிக்கிழமைக்குள்ள சீவி எடுக்காட்டி, குடல் அடைச்சுச் செத்துப் போயிரும்.”

பிரேமிளா பிரதம இலிகிதர் மூக்கையாவிடம் விரைந்தாள். “சேர், எங்க வீட்டுல சீப்பு இருக்கு. இங்க கிட்ட, மஹய்யாவ பக்கந்தானே, போய் எடுத்துட்டு வந்திரவா?”

மூக்கையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொந்தச் சீப்பை அரச உடைமை மேல வைப்பீங்க. பல்லு ஒடைஞ்சா யாரு பொறுப்பு?”

“சீப்புப் பல்லா, முயல் பல்லா சேர்?”

“அதைக் குழுதான் தீர்மானிக்கணும்.”

‘உரோம அகற்றற் கருவித் தெரிவுக் குழு’ புதனன்று கூடியது. கம்பித் தூரிகை, பேன் சீப்பு, இறப்பர்க் கையுறை என மூன்று மாதிரிகள் மேசைமேல் வைக்கப்பட்டன. பரிசோதிக்கப்படாத கருவியை முயல்மீது பிரயோகிப்பது விதிக்கு முரண் என்பதால், சேதமுற எதுவுமில்லாத ஓரிடம் தேடப்பட்டது. மூக்கையா கதிரையில் அமர்ந்து, தமது வழுக்கைத் தலையைப் பொதுநலன் கருதித் தாழ்த்தினார். ஒவ்வொரு கருவியாலும் நூறு தடவை சீவினார்கள். ஒரு முடியேனும் வரவில்லை. ஆகவே மூன்றும் தகுதியற்றவை என நிராகரிக்கப்பட்டன.

வியாழனன்று அமைதி மூலையில் சுருண்டு கிடந்தது. பிரேமிளா பணிப்பாளர் முன் போய் நின்றாள்.

“வெறுங்கையால தடவி எடுக்கலாமா சேர்?”

“கை யாருடையது?”

“என்னோடது.”

பணிப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டரையில இருந்து நாலேகால் வரைக்கும்?”

பிரேமிளாவுக்கு வழி புலப்பட்டது. “அரசாங்கத்தோடது, சேர்.”

“அப்ப தடையில்ல. ஆனா பதியணும்.”

அவளது வலது மணிக்கட்டில் இலக்கச் சீட்டு ஒட்டப்பட்டது. அவள் கையை நனைத்து முயலின் முதுகை நீவினாள். உரோமம் கற்றை கற்றையாகக் கழன்றது. மாலை வாயிற் காவலாளி மறித்தார்.

“நீங்க போகலாம் மிஸ். கைக்குக் கேட் பாஸ் எங்க?”

பாஸ் எழுதி வாங்கி, கையோடு வீடு சேர்ந்து, காலையில் கையோடு திரும்பினாள். வெள்ளி நண்பகல் அமைதி ஒரு கீரைத்தண்டைக் கடித்தது. சற்றுப் பொறுத்துப் புழுக்கை போட்டது. பிரேமிளா எண்ணினாள்: பதினொன்று. பணிப்பாளர் அதனைத் திட்டத்தின் பெறுபேறாக மேலிடத்துக்கு அறிவித்தார். முயலுக்கென ஒதுக்கப்பட்ட அந்தக் கையால் இனிப் பொதுமக்களின் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்தலாகாது என்றும் சுற்றறிக்கை விடுத்தார்.

ஆண்டிறுதியில் பொருட்பதிவேட்டைப் பார்வையிட்ட பரிசோதகரின் அறிக்கை, கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. ‘நாற்பத்திரண்டு உத்தியோகத்தர் கடமையாற்றும் இக்காரியாலயத்தில் வேலை செய்யும் நிலையிலுள்ள கை: ஒன்று.’

மண்டபம் முணுமுணுத்தது.

“மறுப்பு உள்ளவங்க கையை உயர்த்தலாம்,” என்றார் பணிப்பாளர்.

மூக்கையா எழுந்தார். “பதிவில்லாத கையை உயர்த்தினா செல்லுமா சேர்?”

செல்லாது. பதிவுள்ள ஒரே கையோ, பிரேமிளாவின் மடியில் உறங்கிய முயலின் முதுகில் இருந்தது. அவள் அதை எடுப்பதாக இல்லை. அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது.

மண்டபத்தின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால், நாவலப்பிட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் உட்பட முப்பது பேர் முத்திரைக்காக வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் அறுபது கைகள் இருந்தன. அறுபதும் மரியாதையாகக் கட்டப்பட்டிருந்தன.